மீட்டர் பொய் சொல்லாது

காலையில் எழுந்ததும் என் இடது முழங்கால் பூட்டிக்கொள்ளும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பத்துத் தடவை நீட்டி மடக்கினால்தான் தரையில் ஊன்ற முடியும். இருபத்தேழு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவளுக்கு இதுகூட வராமல் இருக்குமா? யாரிடமும் நான் குறை சொன்னதில்லை. இங்கே நாற்காலி தாழ்வாக இருக்கிறது, அதனால்தான் அடிக்கடி காலை நீட்டுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா.

உங்கள் பெயர் சாந்தினி என்று வாசலில் இருந்த போலீஸ்காரர் சொன்னார். தமிழில் பேசலாம் என்றீர்கள், நல்லது. மலாயில் பேசினால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். இதில் பாதியை விழுங்க எனக்கு விருப்பமில்லை.

என் பெயர் கருப்பம்மாள். வயது அறுபத்தாறு. செத்துப்போன தர்மா என் உடன்பிறந்த தம்பி, ஐம்பத்தெட்டு வயது. புகார் கொடுத்திருப்பது அவனுடைய ஒரே மகள் தினேஸ்வரி. அவள் எழுதிக் கொடுத்ததை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதிதான்.

அம்மா போனபோது தர்மாவுக்கு நாலு வயது, எனக்குப் பன்னிரண்டு. அடுத்த வருஷமே நான் பெரட்டுக்குப் போய் நின்றேன். பெரட்டு என்றால் விடிவதற்கு முன் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கிற இடம். உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. அவன் பள்ளிக்கூடம் போனான், பாரம் ஐந்துவரை படித்து முடித்தான், தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை கிடைத்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டு ஈப்போவுக்குப் போனான். நான் தோட்டத்திலேயே இருந்தேன். தொண்ணூற்றெட்டில் மரத்தையெல்லாம் தள்ளிவிட்டு வரிசை வீடுகளாகத் தாமான் கட்டினார்கள். நான் வெட்டிய இடத்தில் கட்டிய மலிவு வீட்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். அதில் இருபது வருஷம் தனியாக இருந்தேன். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. நடந்தது இது.

தர்மா நடக்கப் பிறந்தவன். முப்பது வருஷம் லகாட், ஈப்போ பக்கமெல்லாம் வீடு வீடாக நடந்திருக்கிறான். பில் கூடிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வான்: "மீட்டர் பொய் சொல்லாதுண்ணே. மனுசன்தான் சொல்லுவான்." நாய்க்கு மட்டும் பயப்படுவான். நாலு தடவை கடி வாங்கியவன், பயப்படத்தானே செய்வான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு வலது கால் இழுத்தது. பார்க்கின்சன் என்றார்கள். அவன் மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டாள். மகள் பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். அவன் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். மாத்திரை வேளைக்கு ஒன்றாக மூன்று. நன்றாகவே கேட்டது. வாசல் நிலையைத் தாண்டும்போது மட்டும் கால் சற்று யோசிக்கும். "என்னடா, உள்ள நாய் இருக்கா?" என்பேன். சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவான்.

அந்த வருஷங்களில்தான் என் வீட்டில் ராத்திரி இரண்டு தட்டுக் கழுவினேன்.

போன வருஷம் தினேஸ்வரி வந்து, அப்பாவை அழைத்துப் போகப் போகிறேன் என்றாள். பதினோராவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறாள். பகலில் அவளும் புருஷனும் வேலைக்குப் போய்விடுவார்கள். "அப்பா பகல்ல தனியா இருக்கலாம், நடை நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டா போதும் அத்தை. கிளினிக்ல நடையை அளக்கிற மெஷின் வச்சிருக்காங்களாம். அதுல நல்லா வந்துட்டா அடுத்த மாசமே கூட்டிட்டுப் போயிடுவேன்."

"நல்லா வரலன்னா?"

"அப்ப உங்ககிட்டதான் இருக்கணும். வேற என்னா செய்ய?"

அவள் என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். தர்மாவும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அவன் புதிதாக ஒரு ஜோடி சப்பாத்து வாங்கி வந்தான். பட்டர்வொர்த் கடற்கரை ஓரம் நடக்கப் போகிறானாம்.

அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து மதீசன் என்ற தம்பி வந்தார். சிலோன்காரப் பிள்ளை. தண்மையாகப் பேசுவார், பெரியவர்களை மதிப்பார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டை. இரண்டு கணுக்காலுக்கு, ஒன்று இடுப்புக்கு. அதைக் கட்டிக்கொண்டு பதினான்கு நாள் எப்போதும்போல நடமாட வேண்டும். எத்தனை அடி, அடிக்கு அடி எவ்வளவு நீளம், எங்கே கால் நின்றுபோனது, எல்லாவற்றையும் அது எழுதிக்கொள்ளுமாம். சிவப்புப் புள்ளி ஒட்டிய பெட்டி தர்மாவுக்கு. பச்சைப் புள்ளி எனக்கு. நோய் இல்லாத, அதே வீட்டு ஆள் ஒருவர் நடையும் வேண்டும், ஒத்துப் பார்ப்பதற்கு என்றார்.

"அன்ரி, ஒருக்கா கட்டிப் பாப்பமா? வெளியில கொஞ்சம் நடந்து காட்டுங்கோ."

வாசலில் நான் வரிசையாகப் பூச்சட்டி வைத்திருக்கிறேன். அதை ஒட்டி நடந்தேன். திரும்பி வந்தால் அவர் கையிலிருந்த திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார். முழுக்கச் சிவப்புக் கோடு.

"அன்ரி, இந்த மெஷினுக்கு நீங்கள்தான் நோயாளி."

தர்மா விழுந்து விழுந்து சிரித்தான். "அது நோய் இல்ல தம்பி, தோட்டம். அக்காவ வரிசையா எதையாச்சும் காட்டிட்டா போதும். பசாருக்குப் போனாக்கூட கம்பத்துக்குக் கம்பம் நிக்கும்லா."

உண்மைதான். பால் வெட்டுகிறவள் நடையே அப்படி. நாலு அடி வைப்பாள், மரத்தடியில் நிற்பாள். வெட்டின் மேல் ஓடும் கத்தியோடு சின்னச் சின்ன அடியாக மரத்தைப் பாதி சுற்றுவாள். பால் சொட்டும் மங்குக் கிண்ணத்தைச் சரி செய்வாள். அடுத்த மரத்துக்கு நாலு அடி. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். கத்தியைக் கீழே வைத்து எத்தனையோ வருஷம் ஆகியும் கால் அதை விடவில்லை.

மதீசன் எனக்கு விளக்கினார். நடுவில் நின்றுபோகிற கால், சின்ன அடி, ஒரே வீச்சில் திரும்பாமல் துண்டு துண்டாகத் திரும்புவது. இந்த மூன்றையும்தான் மெஷின் நோய் என்று எடுக்கும். "சரி, இப்ப ரோட்டில இயல்பா நடவுங்கோ" என்றார். கை வீசி நடந்தேன். ஒரு சிவப்பும் இல்லை. அவர் திருப்தியோடு டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் ஒரு மெஷினைப் பற்றிச் சொன்னார். மீதி என் வேலை.

மறுநாள் காலையில் பட்டைகளை நான்தான் கட்டினேன். தர்மாவால் குனிந்து கொக்கி மாட்ட முடியாது, கை ஆடும். பச்சைப் புள்ளிப் பட்டைகளை அவன் காலில் கட்டினேன்.

"அக்கா, நம்மளுது செவப்புதானே?"

"பச்சைடா. ரோட்டுல பச்சை விழுந்தா என்னா அர்த்தம்?"

"போலாம்."

"அதான். நீ போகப் போறவன். ஒனக்குப் பச்சை."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிவப்புப் பட்டைகளை நான் கட்டிக்கொண்டேன்.

எங்கள் தாமானுக்குப் பின்னால், வீடு கட்டாமல் விட்ட மூலையில், ஒரு துண்டு பழைய பால்மரம் நிற்கிறது. யாரும் வெட்டுவதில்லை. ஆறு நிரை, நிரைக்கு முப்பது மரம். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே போய் நடந்தேன். கையில் கத்தி இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மரத்திலும் நின்றேன், சுற்றினேன், நகர்ந்தேன். முழங்கால் விண்ணென்று வலிக்கும். பொறுத்துக்கொண்டேன். பதினான்கு நாளில் ஒரு மரத்தைக்கூடத் தாண்டிப் போகவில்லை. வேலை என்று இறங்கிவிட்டால் அரைகுறை எனக்குப் பிடிக்காது.

தர்மா அந்தப் பதினான்கு நாளும் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தான். கோயில் முனை வரை போவான், சீனன் கடையில் நாளிதழ் வாங்குவான், திரும்பி வருவான். "இன்னைக்கு ஒரு தடவகூட நிக்கலக்கா" என்பான். நான் சோறு போடுவேன்.

கிளினிக்கில் முடிவு சொன்ன அன்று தினேஸ்வரி விடுப்பு எடுத்து வந்திருந்தாள். டாக்டர் தர்மாவை அறைக்குள் நடக்கச் சொன்னார். நன்றாகவே நடந்தான். டாக்டர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எல்லோரும் டாக்டர் முன்னால் நன்றாகத்தான் நடப்பார்கள், வீட்டில் நடப்பதுதான் உண்மை, அதற்காகத்தான் இந்தப் பட்டையே என்றார். மதீசன் படத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு நாளைக்கு முந்நூறு தடவைக்கு மேல் கால் நின்றிருக்கிறது.

"நான் நல்லாத்தானே நடந்தேன்" என்றான் தர்மா.

தினேஸ்வரி அவன் கையைப் பிடித்தாள். "நிக்கிறது நமக்கே தெரியாதாம்ப்பா."

அவன் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். அவன் வாயைத் திறந்து, இல்லை, இது என் நடை இல்லை என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் மறுபடி அளந்திருப்பார்கள். அவன் சொன்னது வேறு.

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

அவனுடைய சொல். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொண்டான். அதற்கு நான் பொறுப்பில்லை.

மதீசன் என் படத்தையும் காட்டினார். என்னுடையது என்று அவர் நினைத்த படம். "அன்ரிக்கு நல்ல நடை. வலது கால் மட்டும் கொஞ்சம் இழுக்குது. முழங்கால் தேய்மானமா இருக்கும்." எனக்கு வலிப்பது இடது முழங்கால். நான் தலையாட்டினேன்.

தினேஸ்வரி காரில் அழுதாள். "நீங்களே பாத்துக்குங்க அத்தை. ஒங்கள விட்டா அப்பாவுக்கு யாரு" என்றாள். அதை அன்றைக்கு முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

படத்தைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார்கள். மூன்று, ஐந்தாயிற்று. நான் வேளை தவறாமல் கொடுத்தேன். இதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். ஒரு வேளை தப்பவில்லை, ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை. கிளினிக் ஒட்டிய தாளில் என்ன இருந்ததோ அதுதான் அவன் வயிற்றுக்குள் போயிற்று. இரண்டு வாரத்தில் அவன் உடம்பு நெளியத் தொடங்கியது. உட்கார்ந்திருக்கும்போதே தோள் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். எழுந்து நின்றால் கண் இருட்டும். பிறகு நாய் வந்தது.

"அக்கா, கேட்டத் தொறக்காத. கறுப்பு நாய் ஒண்ணு நிக்குது."

எங்கள் தெருவில் கறுப்பு நாயே கிடையாது. முதல் நாள் விளையாடுகிறான் என்று நினைத்தேன். மறுநாள் அது ஹாலுக்குள் வந்துவிட்டது. தொலைக்காட்சிப் பக்கத்தில் படுத்திருக்கிறது என்றான். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இறங்கவில்லை.

"மதீசன் தம்பிகிட்ட சொல்லட்டுமாக்கா?"

"சொல்லு. சொன்னா நேரா தஞ்சோங் ரம்புத்தான்தான். அங்க ஒன்ன கடற்கரைக்கா கூட்டிட்டுப் போவாங்க?"

அந்த ஊரில் என்ன ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பேராக்கில் பிறந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பைத்தியம் என்ற சொல்லுக்கே எங்கள் தோட்டத்தில் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்வோம். தர்மாவுக்கு அது போதும். வாயை மூடிக்கொண்டான். அதன் பிறகு நாயைப் பற்றி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்வான்.

மதீசன் போன் செய்தார். நல்ல பிள்ளை, சரியான கேள்விதான் கேட்டார். "அன்ரி, மருந்து கூட்டினாப் பிறகு அங்கிளுக்கு இல்லாத ஆக்கள், பிராணிகள் ஏதாவது தெரியுதா? அப்பிடியெண்டா உடனே குறைக்க வேணும்."

நான் போனைப் பிடித்தபடி ஹாலைப் பார்த்தேன். தர்மா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா இருக்கான்" என்றேன்.

இந்த முழு விஷயத்திலும் நான் வாயால் சொன்ன பொய்கள் இரண்டுதான். பச்சை என்று சொன்னது ஒன்று, இது ஒன்று. ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். மருந்தைக் குறைத்தால் அவன் நடை பழையபடி நன்றாகிவிடும். மறுபடி அளந்தால் பட்டர்வொர்த். நிரையில் இறங்கியவள் நடுவில் கத்தியை வைத்துவிட்டுப் போக முடியாது. போனால் அதுவரை வெட்டிய மரமும் வீண். எனக்குப் பதின்மூன்று வயதில் காய்ச்சலோடு வெட்டும்போது கற்றுக்கொண்டது அது.

கூட்டிய மருந்து கேட்கிறதா என்று பார்க்க இரண்டாவது பதினான்கு நாள் வந்தது. மறுபடி இரண்டு பெட்டி. இந்த முறை சிவப்பை அவனுக்கும் பச்சையை எனக்கும் சரியாகத்தான் கட்டினேன். மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. மூன்று அடி வைப்பான், நாய் குறுக்கே நிற்கும், நின்றுவிடுவான். ஒதுங்கிச் சின்ன அடியாகத் திரும்புவான். மெஷினுக்கு என்ன தெரியும், நோயா நாயா என்று. இப்போது என் கணக்கும் மெஷின் கணக்கும் ஒன்றாகிவிட்டது. பொய் என்று ஒன்று மிச்சமில்லை. எனக்கு மனசு லேசாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஒன்பதாவது நாள் காலை பத்து மணி. நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தர்மா கேட்டைத் தாண்டி வெளியே போனான். அவனுக்கு முன்னால் எதுவும் இல்லை. ஆனால் எதையோ பார்த்துப் பின்பக்கமாக நடந்தான். கையை நீட்டி "போ, போ" என்றான். அவனுக்குப் பின்னால் லோங்காங். எங்கள் தெருக் கால்வாய், இடுப்பளவு ஆழம், மேலே மூடி இல்லை. அவனுக்கும் அதற்கும் இடையில் ஆறேழு அடி இருந்தது.

கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வருகிறேன். கையில் அவனுடைய சட்டை, ஈரமாக. பேசாமல் அதை உதறிக் கொடியில் போட்டேன்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். தலை சிமெண்டு விளிம்பில் பட்டிருந்தது. கண் திறந்திருந்தது. இடது கணுக்காலில் இருந்த பட்டையில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் விழுந்ததுகூட அதில் பதிவாகியிருக்கும் என்று நினைத்தேன். முதலில் வந்த நினைப்பு அதுதான். அதன் பிறகுதான் பக்கத்து வீட்டு சுரேனைக் கூப்பிட்டேன். அவன் வந்து இறங்கித் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தான். எட்டு நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். தினேஸ்வரி ராத்திரி வந்து போனாள். கடைசி வரை அவன் என் வீட்டு முகவரியில்தான் இருந்தான். நான் நினைத்தது நடந்தது.

தினேஸ்வரி எப்படிக் கண்டுபிடித்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் கடைசி நடை என்று மதீசனிடம் இரண்டு அளவுப் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். முதல் அளவில் ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவள் அவனைக் காரில் லகாட்டுக்கு, ஒரு சினேகிதர் வீட்டு விருந்துக்கு அழைத்துப் போயிருந்தாள். பதினொன்றிலிருந்து ஒன்று வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதே நேரம் படத்தில் அவன் கால் நூற்றெண்பது இடத்தில் நின்று நின்று நடந்திருந்தது. அன்று காலையில் அந்த விருந்துக்குக் கோழி நறுக்கிக் கொடுக்க வேண்டியிருந்ததால் நான் தாமதமாகத்தான் நிரைக்குப் போனேன். தரம் பார்க்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா? கெட்டிக்காரி. அவள் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். பட்டையை மாற்றிக் கட்டியது நான். தெரிந்துதான் கட்டினேன். அந்த மாத்திரைகள் அவன் உடம்புக்கு அதிகம் என்று தெரிந்தும் வேளைக்கு வேளை கொடுத்தது நான். நாயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவனை மிரட்டியது நான். விழப் போகிறான் என்று பார்த்துக்கொண்டு துணி உதறியதும் நான். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். எழுதத் தெரியும், கைநாட்டு வேண்டாம்.

வருத்தம் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்றீர்கள். வேண்டாம். பதின்மூன்று வயதில் அவனுக்காகக் கத்தியைப் பிடித்தேன், ஒருவனும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவனுக்குச் சோறு போட்டேன், குளிப்பாட்டினேன், கொள்ளிக்குடம் வாங்கிக் கொடுத்தேன். அக்கா என்ற முறையில் செய்ய வேண்டியதில் ஒன்றையும் நான் விடவில்லை.

ஒன்றைத் தவிர. மதீசனின் கோப்பில் கருப்பம்மாள், அறுபத்தாறு வயது, நோய் இல்லை என்று ஒரு பக்கம் இருக்கிறது. வலது கால் கொஞ்சம் இழுக்கிற, எங்கேயும் நிற்காத நடை. பட்டர்வொர்த்துக்குப் போயிருக்க வேண்டிய நடை. அது தர்மாவுடையது, என் பெயரில் இருக்கிறது. அந்தப் பதினான்கு நாள் நடையை நான் இன்னும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது மட்டும் பாக்கி.